சத்தம் அடங்கும்வரை வதக்கவும்

பிலோமினா டீச்சர் காலமான செய்தி வந்தபோது, சிதம்பரத்தில் என் வீட்டு அடுப்பில் வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டுத்தான் அழுதேன். அணைக்காமல் அழுதிருந்தால் அவரே எழுந்து வந்து திட்டியிருப்பார்.

கடலூரில் நம் பள்ளியில் அவர் மனையியல் ஆசிரியர், நான் தமிழ். மதியத்தில் அவரவர் டிபன் பாக்ஸை எட்டிப் பார்த்து அவர் மார்க் போடுவது கூட வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். எனக்கு விழுந்த மார்க்கெல்லாம் என் மனைவி கலாவுடையது. எனக்கு வெந்நீர் போடத்தான் தெரியும்.

சுனாமிக்கு மறு வருஷம் கலாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. வீடு திரும்பியவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஓட்டல் இட்லியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாளுக்கு நாள் மெலிந்தாள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சமையல் புத்தகம் ஒன்றை வாங்கிப் பீர்க்கங்காய்க் கூட்டு வைக்கத் துணிந்தேன். ‘வெங்காயத்தை வதக்கவும்’ என்று போட்டிருந்தது. எதுவரைக்கும் என்று போடவில்லை. முதல் தடவை கரியானது. பயந்துபோய் மறுநாள் சீக்கிரமே காயைப் போட்டேன். கூட்டு முழுக்கப் பச்சை வாடை. கலா ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினாள்.

டீச்சருக்குப் போன் போட்டேன்.

“தமிழ் வாத்தியாருக்கு வதக்கறதுன்னா என்னான்னு தெரியல, நல்லாருக்கு போங்க!” என்று சிரித்தார். “வறுத்தா மொறுமொறுன்னு ஆவணும். வதக்குனா தொவண்டு போவணும், அவ்ளோதான்.”

“துவண்டுச்சான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

“போன அடுப்புக்கிட்ட வைங்க சார்.”

புது செல்போனை வாணலியருகே பிடித்தேன். சடசடவென்று சத்தம். “இன்னும் தண்ணி இருக்கு, தீயக் கொறைங்க. கெளறுங்க. ம்... சத்தம் அடங்குது பாருங்க, அதான் பதம். இப்பக் காயப் போடுங்க.”

அன்று கலா இன்னொரு கரண்டி கேட்டாள். தெருவுக்கே கேட்கும்படி டீச்சரிடம் போனில் கத்தினேன். “பத்துக்கு அஞ்சு மார்க். அதுல நாலு எனக்கு” என்றார்.

டீச்சரின் அடக்கம் முடிந்து பத்து நாள் இருக்கும். அவர் கணவர் அந்தோணிசாமி அண்ணன் கூப்பிட்டார். அடுப்படிப் பக்கமே போகாத மனிதர்.

“ஓட்டல் சோறு எறங்கல சார். நானே வெங்காயத்தப் போட்டுட்டேன். அவ உங்களுக்குச் சொல்லுவாளே... எப்பக் காயப் போடறது?”

டீச்சரிடமிருந்து எனக்கென்று தங்கியது இந்த ஒரு சொல்லின் பொருள்தான். அதை அவர் வீட்டுக்கே திருப்பிச் சொல்வேன் என்று நினைக்கவில்லை.

“போன அடுப்புக்கிட்ட வைங்கண்ணே” என்றேன்.

சடசடவென்று கேட்டது.

“இன்னும் தண்ணி இருக்குண்ணே. தீயக் கொறைங்க.”

சத்தம் அடங்கும்வரை இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.