போன குரலுக்கு ஒரு வழக்கு

மலையாள நாட்டில், கிழக்கேகோட்டையில் ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்பவள் நான். பேசிப் பேசித்தான் பிழைப்பு. கழுத்தில் கட்டி வந்து தைராய்டு ஆபரேஷன் செய்துகொண்டேன். கண் விழித்தபோது குரல் இல்லை. வாயைத் திறந்தால் வெறும் காற்று.

"கொஞ்ச நாள்ல சரியாகும்" என்றார் டாக்டர். ஆகவில்லை. மாதங்கள் கழித்துப் போனபோது, "சிலருக்கு இப்படித்தான்" என்று அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார். கடையில் என்னைக் குடோனில் துணி மடிக்க அனுப்பினார்கள்.

வேறொரு ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்த டாக்டரம்மா, ஒரு பக்கத்துக் குரல்நாண் அசையவே இல்லை என்றார். ஆபரேஷனில் நரம்பு அடிபட்டிருக்க வேண்டும்.

"இப்படி ஆகலாம்னு முன்னாடியே சொல்லலையா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

வழக்குப் போடலாம் என்று நான் சொன்னதும் என் வீட்டுக்காரர் பயந்தார். ஓட்டலில் பரோட்டா போடுகிறவர் அவர். "ஆஸ்பத்திரிக்காரங்கள எதுத்து நாம என்னத்தச் செய்ய முடியும், பிள்ள?"

அவர் காதருகே போய்ச் சொன்னேன்: "சொல்லாமப் பண்ணிட்டாங்கல்லா. அதக் கேக்கணும்."

நுகர்வோர் கோர்ட்டில் வழக்கு நடந்தது. இன்னொரு டாக்டருக்கு எதிராகச் சாட்சி சொல்ல ஆள் கிடைப்பது கஷ்டம் என்று எங்கள் வக்கீல் எச்சரித்திருந்தார். கேட்ட டாக்டர்களெல்லாம் நழுவினார்கள். கடைசியில் அந்த டாக்டரம்மாவே, "பார்த்ததை மட்டும் சொல்றேன்" என்று வந்தார்.

என்னை விசாரித்த நாளில் நான் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. வீட்டுக்காரர் எழுந்து, "நான் சொல்லட்டுமா?" என்றார். மேடையில் இருந்த நீதிபதி அம்மையார் மலையாளத்தில், "வேண்டா, அவரு தன்னெ பறயட்டெ" என்றார், நானே சொல்ல வேண்டும் என்று. அவரை உட்காரச் சொல்லி, என்னை அருகே அழைத்தார். மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். வியர்த்துக்கொண்டே எல்லோரும் அமைதியாக இருந்தார்கள்.

"டாக்டர் கெட்டவர்னு நான் சொல்லல" என்றேன். "குரல் போகலாம்னு முன்னாடியே சொல்லிருந்தா யோசிச்சிருப்பேன். போன பொறவாவது கொழாய் விட்டுப் பாத்திருக்கலாம். சிலருக்கு இப்படித்தான்னு அனுப்பிட்டாங்க."

பல முறை தள்ளிப்போன வழக்கில் தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. ஆபத்தை விளக்காததும் பிறகு கவனிக்காததும் தவறு என்று எழுதியிருந்தது. ஆஸ்பத்திரி அப்பீல் போகும் என்றார்கள், போகவில்லை. கிடைத்த நஷ்டஈட்டில் குரல்நாணைச் சரிசெய்யும் சிகிச்சை செய்துகொண்டேன். பழைய குரல் வரவில்லை. இப்போது இருப்பது கரகரப்பானது, சீக்கிரம் களைத்துப்போவது. ஆனாலும் கடையில் நாலு பேருக்குக் கேட்கிறது. மறுபடி சேலைப் பிரிவில் நிற்கிறேன்.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அதே ஆபரேஷன். "எல்லாத்தையும் கேட்டுட்டேன், அக்கா. டாக்டர் படம் வரஞ்சு காட்டுனாரு" என்றாள். ஆபரேஷன் அன்று நானும் போயிருந்தேன். மயக்கம் தெளிந்ததும், எனக்குத் தெளிவாகக் கேட்கும்படி தண்ணீர் கேட்டாள்.