கட்டி ஒரு பாட்டில், தசை ஒரு பாட்டில்

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்று உள்ளேயிருந்து வருவதைப் பாட்டிலில் வாங்குவது என் வேலை. சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்வது அதில் சேராது, ஆனால் நாள் முழுக்க அதைத்தான் செய்தேன். லேப்பில் குப்பை கொட்டியவர்களே, உங்களுக்குத் தெரியும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள். திருவள்ளூரில் ஒரு நர்சிங் ஹோம். கர்ப்பப்பையில் நார்க்கட்டி ஏன் வருகிறது என்று சென்னையில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. எங்கள் டாக்டரம்மா அதற்கு உதவினார். நோயாளி சம்மதித்தால் கட்டியில் ஒரு துண்டு, பக்கத்து நல்ல தசையில் ஒரு துண்டு. ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டும். பல பேரிடம் வாங்கினேன். அமுதா வீட்டாரை மட்டும் மறக்க முடியவில்லை.

எந்த வீட்டு ரத்தம்

அமுதா காக்களூர் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் டப்பா கம்பெனியில் வேலை பார்த்தாள். கல்யாணமாகிச் சில வருஷம். குழந்தை இல்லை. கட்டி. கட்டியை மட்டும் எடுக்கப் பார்க்கிறேன், ரத்தம் நிற்காவிட்டால் பையையே எடுக்க வேண்டிவரும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். "பை போச்சுன்னா அவ அம்மா ஊட்டுக்கே போவட்டும்" என்று மாமியார் கன்னியம்மா வராந்தா முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டார்.

சொந்தத்தில் யாருக்காவது கட்டி இருந்ததா என்று நான் கேட்டாக வேண்டும். அமுதாவைக் கேட்டேன். மாமியார் பதில் சொன்னார்: "அவ அம்மாவுக்கு இருந்துச்சு. அந்த ஊட்டு ரத்தம்." அப்பா வழியில்? அமுதா தலையைத் தூக்கவில்லை. "எங்கப்பாவோட அக்கா இவங்கதான் சார். இவங்களுக்கும் கட்டிதான். பையையே எடுத்துட்டாங்க." எழுதிக்கொண்டேன். கன்னியம்மா என் பேனாவைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு மூணு புள்ள பெத்தப்புறம் எடுத்தாங்கோ, அதெல்லாம் எழுதாத!"

ஒயரிங் ஒன்றுதான்

அமுதாவின் புருஷன் ஏழுமலை எலெக்ட்ரீஷியன். எதற்கு இரண்டு துண்டு என்று கேட்டுக் கேட்டுப் பேஜார் பண்ணினான். சொன்னேன். கட்டியிலும் பக்கத்துத் தசையிலும் ஜீன் பெரும்பாலும் ஒன்றுதான். எது வேலை செய்யணும், எது சும்மா இருக்கணும் என்று அதன்மேல் சின்னச் சின்ன ரசாயனக் குறிகள் உண்டு. கட்டியில் அந்தக் குறிகள் மாறிக் கிடக்கின்றன. எபிஜெனிடிக்ஸ் என்று பெயர். வம்சம் ஒரு பங்கு, ஹார்மோன் ஒரு பங்கு, மீதி இன்னும் தெரியாது. யார் வீட்டுக் குற்றமும் இல்லை.

"ஒயரிங் ஒண்ணுதான். சுவிச்சு மேல எவனோ டேப் ஒட்டிக்கீறான், அப்படித்தானே?" என்றான். ஏறக்குறைய அப்படித்தான் என்றேன். போனவன் படியிலிருந்து திரும்பி வந்தான்.

"அப்ப டேப்ப பிச்சிட வேண்டியதுதானே சார், கத்தி இன்னாத்துக்கு?"

தட்டும் பாட்டிலும்

டேப்பைப் பிய்க்கிற அந்த வழியைத்தான் சென்னையில் தேடுகிறார்கள். கிடைக்கிற வரை கத்திதான்.

எடுத்த கட்டியைத் தட்டில் வைத்து வெளியே காட்டுவது எங்கள் வழக்கம். காட்டாவிட்டால் ஆபரேஷன் நடந்ததையே நம்ப மாட்டார்கள். நர்ஸ் தட்டோடு வந்தாள். சாத்துக்குடி அளவு. பின்னாலேயே நான், இரண்டு பாட்டிலோடு. கன்னியம்மா வழியை மறித்தார். "இது இன்னா?" கட்டித் துண்டு. "அது?" கர்ப்பப்பைத் துண்டு. எனக்கு அவசரம். நேரமானால் துண்டு கெட்டுவிடும். சொன்னதும் பொய்யில்லை.

"ஐயோ, எந்தம்பி பொண்ணு பைய அறுத்துட்டாங்களே!" வராந்தா கூடிவிட்டது. ஏழுமலை சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அம்மா வீட்டுக்குப் போகட்டும் என்ற அதே வாய், "அவ ஒண்ணாவது பெக்க வேணாமாய்யா" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதது. டாக்டரம்மா கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தார். பை பத்திரமாக உள்ளே இருக்கிறது, தைக்கும்போது ஓரத்தில் நகம் அளவுக்கு எடுத்தது, அமுதா சம்மதித்ததுதான் என்றார். கன்னியம்மா என் சட்டையை விட்டார். பாட்டிலைப் பிடித்துக்கொண்டார்.

"தம்மாத்தூண்டா இருந்தா இன்னா, அதையும் உள்ள வெச்சித் தெச்சுடச் சொல்லு!"

இரண்டு ஆட்டோ

வீட்டுக்கு அனுப்பும் நாள். அமுதாவின் அம்மா ஆட்டோ கொண்டுவந்தார். கன்னியம்மாவும் கொண்டுவந்தார். வாசல் அடைத்துக்கொண்டது. "என் மருமவ, என் ஊட்டுக்குத்தான் வருவா." அமுதாவின் அம்மா தன் ஆட்டோவை விட்டு நகரவில்லை. சாதாரணக் கட்டிதான், புற்று இல்லை என்று ரிப்போர்ட் கொடுக்க வந்தவன் நான். நடுவில் மாட்டிக்கொண்டேன். ஏழுமலை இரண்டு ஆட்டோவையும் மாறி மாறிப் பார்த்தான்.

அமுதா சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தாள். மாமியார் தன் ஆட்டோவில் இடம் ஒதுக்கி வைத்தார். அவள் ஏறவில்லை.

"டாக்டரம்மா சொல்ற வரைக்கும் என்னாண்ட புள்ளப் பேச்சே எடுக்கக் கூடாது அத்தே, சரின்னு சொல்லு, ஏறுறேன்."

கட்டி ஏன் வருகிறது என்று நான் ஓய்வு பெறும்வரை முழுசாகத் தெரியவில்லை. கன்னியம்மா "சரி" என்றதை மட்டும் காதால் கேட்டேன், அந்த ஆராய்ச்சியில் நான் பார்த்த ஒரே முடிவு அதுதான்.