சின்னாத்தா போட்ட மதராஸ் திட்டம்

நான்காம் வகுப்பு அரைப்பரீட்சைக் கேள்வித்தாள் ஒன்றின் பின்பக்கம் அது. அப்பா ஆரம்பப் பள்ளிக்கூட வாத்தியார்; மிஞ்சிய தாள் எதையும் வீணாக்கமாட்டார். நீல மையில், கரும்பலகையில் எழுதுவது போன்ற கோணலில்லாத எழுத்தில், மேலே 'மதராஸ் பிரயாணம்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். இடப்பக்கம் பார்க்க வேண்டிய இடங்கள். வலப்பக்கம் போகிறவர்களின் பெயர்கள். அப்பா, சின்னாத்தா, இரண்டு தம்பிகள் என்று நாலு பெயர்கள். எனக்கு அப்போது பதினோரு வயசு. ஒரு தடவை படித்தாலே தெரிந்துவிடும், என் பெயர் அதில் இல்லை என்று. ஆனாலும் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், முன்பக்கத்துக் கேள்விகளுக்கு நடுவே எங்கேயாவது என்னை எழுதிவைத்திருப்பாரோ என்பதுபோல.

மூன்று வயதில் எனக்கு இளம்பிள்ளை வாதம் வந்தது. வலது கால் வளரவில்லை. முழங்காலைக் கையால் அழுத்தி அழுத்தித்தான் நடப்பேன். காய்ச்சல் வந்த மறுவருஷமே அம்மா இறந்துபோனாள். அதற்கடுத்த வருஷம் அப்பா குளத்தூர்ப் பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள்தான் சின்னாத்தா. நார்த்தாமலைக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. பெரியப்பாவின் குடும்பமும் நாங்களும் ஒரே வீடு. நிலம், மாடு, கல்யாணம், கருமாதி எல்லாவற்றிலும் பெரியப்பா சொல்வதுதான் கடைசி வார்த்தை. அப்பா ஊருக்கெல்லாம் வாத்தியாராக இருந்தாலும் அண்ணன் எதிரில் கைகட்டி நிற்கிற மாணாக்கர்தான்.

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த காலம். புதுக்கோட்டை டவுனுக்குப் போய்வருவதே எங்களுக்கு ஒரு விசேஷம். மதராஸ் துறைமுகத்தில் வேலை பார்த்த ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவர், மார்கழி லீவுக்குக் குடும்பத்தோடு வந்து ஊரைச் சுற்றிப் பார்க்கும்படி ஆவணி மாதமே கடிதம் எழுதியிருந்தார். கடிதத்தின் கடைசியில், இங்கே எல்லாமே நடைதான், வீடும் சிறியது, ஆகையால் நடக்க முடியாத பிள்ளையைப் பெரியண்ணன் பொறுப்பிலேயே விட்டுவிட்டு வருவது உத்தமம் என்று ஒரு வரி. அப்பா அந்த வரிக்குக் கீழ்ப்படிந்து பட்டியல் எழுதியிருக்கிறார். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. பிறர் சொன்னதை மறுத்துப் பழக்கமில்லாதவர், அவ்வளவுதான்.

சின்னாத்தா ஐந்தாம் வகுப்பு படித்தவள். அன்று சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்து அந்தத் தாளைப் படித்துவிட்டு, அப்பாவின் பேனாவை வாங்கி, தன் பெயரின் மேல் ஒரு கோடு போட்டாள். பிறகு தாளை அப்பாவிடம் நீட்டினாள். "புள்ள போகலைன்னா நானும் போகலை. நீங்க ரெண்டு பயலுவளையும் கூட்டிக்கிட்டுப் போயி, ஒங்க கையாலயே குளிப்பாட்டி, சோறூட்டிக் கூட்டியாங்க." சின்னத் தம்பிக்கு அப்போது நாலு வயசு. அப்பா தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டியதில்லை, நான் வரவில்லை என்று கத்தினேன். வரவேண்டாம் என்று நினைத்தவர்களோடு போவதைவிட வீட்டிலேயே கிடப்பது கௌரவம் என்று பட்டது. சின்னாத்தா திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஒன்னய யாரும் கேக்கலை" என்று சொல்லிவிட்டு உலையில் அரிசியைப் போட்டாள்.

விஷயம் பெரியப்பாவிடம் போனது. அவர் வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், அப்பா நின்றிருந்தார். சின்னாத்தா வழக்கம்போலக் கதவுக்குப் பின்னால். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் பெரியப்பாவோடு நேருக்கு நேர் பேசியதில்லை. எங்கள் வீட்டு முறை அப்படி. பெரியப்பா எடுத்தவுடன் என் காலைப் பற்றிப் பேசவில்லை. பயணத்தின் அலைச்சல், ரயிலில் கூட்டம், மதராஸில் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று சுற்றி வளைத்தார். கடைசியில்தான் அசல் காரணம் வந்தது. நாளைக்கு இந்தப் பெண்ணுக்கு ஒரு மாப்பிள்ளை பார்க்க வேண்டும். உள்ளூரில் தெரிந்தது போதாதென்று ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காலைக் காட்ட வேண்டுமா, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றார்.

கதவு அசைந்தது. சின்னாத்தா வெளியே வந்து நிலைப்படிக்கு முன்னால் நின்றாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாளே தவிர, தலையைக் குனியவில்லை. "அவ காலப் பாத்து எனக்கு வெக்கமில்ல மாமா. வெக்கப்படுறவுக அங்கிட்டுத் திரும்பிக்கங்க" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. பெரியப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார். அப்பா வெகுநேரம் அங்கேயே நின்றார். பிறகு உள்ளே வந்து, அந்தத் தாளில் சின்னாத்தாவின் பெயரை மறுபடி எழுதி, அதற்குக் கீழே என் பெயரையும் எழுதினார்.

ஊர்ப்பெண்கள் இதை வேறுமாதிரி பேசிக்கொண்டார்கள். மூத்தவள் பிள்ளையை வழியில் எங்காவது தொலைத்துவிட்டு வருவதற்குத்தான் இத்தனை பிடிவாதம் என்றாள் ஒருத்தி. நல்ல பெயர் வாங்குவதற்கான நாடகம் என்றாள் இன்னொருத்தி. கிணற்றடியில் இதெல்லாம் என் காதுபடவே நடந்தது. சின்னாத்தாவின் காதிலும் விழுந்திருக்கும். அவள் அதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்கவில்லை; அவளுக்கு வேறு வேலை இருந்தது.

மதராஸுக்குப் போய்வந்தவர்கள் சுற்றுவட்டாரத்தில் யார் யார் என்று விசாரித்து, ஒவ்வொருவராகப் பிடித்துக் கேட்க ஆரம்பித்தாள். வளையல்காரர், பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒருவர், நெல் லாரி ஓட்டிய ஒருவர். எல்லாரும் சமுத்திரத்தைப் பற்றியும் மாடிக் கட்டடங்களைப் பற்றியும் சொல்லத் தொடங்குவார்கள். அவள் அதை நிறுத்திவிட்டு, அந்த இடத்துக்கு வாசல் வரைக்கும் வண்டி போகுமா, உள்ளே உட்கார இடம் உண்டா, எத்தனை படி என்று கேட்பாள். "படிய யாரு ஆத்தா எண்ணுனா" என்று வளையல்காரர் சிரித்துவிட்டார். எண்ணாமல் வந்தது அவர் தப்பு என்பதுபோல அவள் அவரைப் பார்த்தாள். கேட்டதையெல்லாம் அப்பாவின் தாளிலேயே இடப்பக்கம் எழுதிக்கொண்டாள். செத்த காலேஜ் என்று எல்லாரும் சொன்ன மியூசியத்துக்கு எதிரே, 'ஸ்டேஷனுக்குக் கிட்ட, நடுவில் உக்காந்து போகலாம்' என்று. உயிர் காலேஜ் என்ற மிருகக்காட்சி சாலைக்கு எதிரே, 'மரநிழல் உண்டு, படி இல்லை' என்று. கடற்கரைக்கு எதிரே, 'மணலில் கால் புதையும், புள்ளைக்கு மட்டுமில்லை, எல்லாருக்கும்' என்று. கலங்கரை விளக்கத்துக்கு எதிரே மட்டும் ஒன்றும் எழுதவில்லை. அதில் ஏறியவர் எங்கள் பக்கத்தில் யாருமில்லை.

சித்தப்பா வீட்டில் தங்குவதில்லை என்றும் முடிவு செய்தாள். ஒரு பிள்ளைக்கு இடமில்லாத வீட்டில் தனக்கும் இடம் வேண்டாம் என்று அப்பாவை விட்டே பதில் எழுதவைத்தாள். அப்பா அதை எத்தனையோ மரியாதையான சொற்களில் சுற்றி எழுதினார். ஆனாலும் சித்தப்பாவுக்குப் புரிந்துவிட்டது. அதற்கப்புறம் அவரிடமிருந்து கடிதமே வரவில்லை.

மார்கழிக் குளிரில், புளியோதரை மூட்டையும் ஒரு தகரப்பெட்டியுமாகக் கிளம்பினோம். திருச்சியில் வண்டி மாறி, மறுநாள் காலையில் எழும்பூரில் இறங்கியபோது ஐந்து பேர் முகத்திலும் கரி. ஸ்டேஷனுக்கு எதிர்ப்புறத்திலிருந்த ஒரு சத்திரத்தில் அறை கிடைத்தது. வெளியே வந்து, டிராம் வண்டி எங்கே நிற்கும் என்று சின்னாத்தா ஒருவரைக் கேட்டாள். அவர் அதிசயமாகப் பார்த்து, டிராமை நிறுத்தி ரெண்டு மூன்று வருஷமாகிவிட்டதே என்றார். வளையல்காரர் சொன்ன மதராஸ் பழைய மதராஸ். சின்னாத்தா ஒரு கணம் தாளைப் பார்த்தாள். பிறகு பேனாவை வாங்கி டிராம் என்று எழுதிய இடங்களையெல்லாம் அடித்துவிட்டு, "சரி, ரிக்‌ஷா" என்றாள். அந்த ஊரில் அப்போது மனிதர்கள் இழுக்கிற ரிக்‌ஷாக்கள். எனக்கு ஏறவே கூச்சமாக இருந்தது. இழுத்தவர், நான் ஒரு கோழிக்குஞ்சு கனம்தான் இருப்பேன் என்றார்.

முதல் இரண்டு நாட்களும் அவள் திட்டப்படியே நடந்தன. மியூசியத்தில் திமிங்கலத்தின் எலும்புக்கூட்டுக்குக் கீழே தம்பிகள் ஓடினார்கள். நான் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, அதன் விலா எலும்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஓடிய தம்பிகளைவிட நான்தான் அதிகம் பார்த்தேன் என்று இன்றைக்கும் சொல்வேன். ஜனங்கள் என்னையும் பார்த்தார்கள். ஊரில் பார்ப்பதுபோலத்தான் இங்கேயும். இங்கே ஒரு வசதி, பார்த்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

மூன்றாம் நாள் கலங்கரை விளக்கம். ஹைகோர்ட்டுக் கட்டடத்தின் தலைமேல் அது இருந்தது. அந்தக் காலத்தில் பொதுஜனங்களை ஏறிப் பார்க்க விடுவார்கள். குறுகலான படிகள் சுழன்று சுழன்று மேலே போயின. கீழே நின்ற காவலாள் என் காலைப் பார்த்துவிட்டு, பிள்ளையை இங்கேயே உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் போய்வாருங்கள் என்றார். தானும் என்னோடு கீழேயே இருந்துகொள்வதாக அப்பாவும் உடனே சொல்லிவிட்டார். சின்னாத்தா முதல்முறையாக என்னைக் கேட்டாள். "என்ன செய்யலாம்?"

நான் முதல் படியில் முதுகைத் திருப்பி உட்கார்ந்தேன். இரண்டு கைகளையும் ஊன்றி, இடது காலால் உந்தி, அடுத்த படிக்கு ஏறி உட்கார்ந்தேன். வீட்டில் மச்சுக்கு அப்படித்தான் ஏறுவேன், யாரும் பார்க்காதபோது. காவலாள் தடுக்க வந்தார். "அவளே ஏறுவா. ஒங்க படி ஒண்ணும் தேஞ்சு போயிறாது" என்றாள் சின்னாத்தா. என் பாவாடை விலகாமல் அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு, எனக்கு எதிரே ஒவ்வொரு படியாக ஏறி வந்தாள். தூக்கவில்லை, கை கொடுக்கவில்லை. இறங்கி வந்தவர்கள் சுவரோடு ஒண்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு அம்மாள் "அய்யோ பாவம்" என்று உச்சுக்கொட்டினாள். "கொஞ்சம் வழிவிடுங்க" என்றேன் நான். அதைச் சொன்னபோது என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

உள்ளங்கை தோல் உரிந்தது. பாதியில் ஒரு தடவை அழுதேன். சின்னாத்தா நான் அழுது முடிக்கும்வரை அடுத்த படியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பா தம்பிகளோடு முன்னால் போய், ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று எட்டிப் பார்த்தார்.

மேலே போனதும் காற்று முகத்தில் அறைந்தது. ஒரு பக்கம் முழுக்கக் கடல். துறைமுகத்தில் கப்பல்கள். இந்தப் பக்கம் ஓட்டுக்கூரைகளும் மாடிகளுமாக ஊர் எல்லையில்லாமல் கிடந்தது. பார்த்துக்கொண்டே திரும்பினால், சின்னாத்தா சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு, கண்ணை இறுக்க மூடி நின்றிருந்தாள். அவளுக்கு உயரம் ஆகாது. அது அவளுக்கே அதுவரை தெரியாது; எங்கள் ஊர்ப் பாறையைத் தவிர எதிலும் ஏறியதில்லையே. எல்லாருடைய காலையும் கணக்கில் வைத்தவள் தன் தலைசுற்றலை வைக்கவில்லை. அப்பாவும் தம்பிகளும் அந்தப் பக்கத்தில் இருந்தார்கள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தெரிந்ததையெல்லாம் சொன்னேன். கப்பலுக்கு எத்தனை புகைக்குழாய், கடலில் எந்த இடத்தில் நீலம் கறுப்பாக மாறுகிறது, ஆட்கள் எவ்வளவு சின்னதாகத் தெரிகிறார்கள் என்று. "ம், சொல்லு" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள். இறங்கும்போது அப்பா எனக்கு ஒரு படி கீழே நின்றுகொண்டு, மேலே வருகிறவர்களிடம் "பொண்ணு வருது, கொஞ்சம் நில்லுங்க" என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஊர் திரும்பியதும் பெரியப்பா தம்பிகளிடம் எல்லாவற்றையும் விசாரித்தார். என்னைக் கேட்கவில்லை. நானாகவே போய், லைட்ஹவுஸில் நானும் ஏறினேன் என்று சொன்னேன். "தூக்கிக்கிட்டு ஏறுனாகளா?" என்றார். இல்லை, நானே ஏறினேன் என்றேன். அவர் நம்பவில்லை என்று நினைக்கிறேன். உள்ளங்கையைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். அந்த ஆனி மாதம் அப்பா என்னைப் புதுக்கோட்டையில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மனு எழுதியபோது, பஸ்ஸில் எப்படி ஏறுவாள் என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

பிறகு நான் படித்தேன், வேலைக்குப் போனேன், முப்பது வருஷம் மதராஸிலேயே இருந்தேன். கல்யாணம் ஆகவில்லை; அதற்காக எந்த நாளும் என் காலை மறைத்து வைத்ததில்லை. இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் சின்னாத்தாவைத் தெய்வம் என்கிறார்கள். மாற்றாந்தாய்க்கு இவ்வளவு மனசா என்று வியக்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வரும். இரக்கப்பட்டுச் செய்த வேலையா அது? அவளுடைய கடைசிக் காலத்தில், என் வீட்டில் அவள் இருந்தபோது, நானே ஒரு நாள் கேட்டேன். அன்றைக்கு எனக்காக ஏன் அப்படி நின்றாய் என்று. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"ஒனக்காகன்னு யாரு சொன்னா? நான் ரெண்டாந்தாரமா வந்தவ. இன்னைக்கு ஒன்னய விட்டுட்டுப் போகச் சம்மதிச்சேன்னா, நாளைக்கு என்னய விட்டுட்டுப் போவாக."

சொல்லிவிட்டு, ஆய்ந்த கீரையை என் பக்கம் தள்ளி, கழுவிக்கொண்டு வரச்சொன்னாள். நான் எழுந்து போனேன்.