கிரேனை நிறுத்திய பல்

கும்மிடிப்பூண்டியில் பல் வைத்தியம் பார்ப்பவளுக்கு முதல் எதிரி சர்க்கரை இல்லை, பசை. இங்குள்ள தொழிற்பேட்டை எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்களுக்கு எதையும் எதோடும் ஒட்டிவிடலாம் என்று ஒரு நம்பிக்கை. பல்லுக்குப் போட்ட கேப் கழன்று விழுந்தால், கம்பெனியில் பைப்புக்குத் தடவும் பசையால் ஒட்டிப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வருவார்கள். ஒருவர் முன்பக்கம் பின்பக்கமாக ஒட்டிக்கொண்டு வந்து, "லைட்டா திருப்பி மட்டும் வுடுங்க டாக்டரம்மா" என்றார்.

அதனால் கேப்பை ஒட்டும் சிமெண்ட் விஷயத்தில் நான் ரொம்பக் கறார். என்னிடம் மூன்று வகை உண்டு. முதலாவது தற்காலிகமானது, இழுத்தால் வந்துவிடும். இரண்டாவது பொடியும் திரவமும் கலப்பது, கடைவாய்ப் பல் மாதிரி நல்ல உயரமான பல்லுக்குப் போதும். மூன்றாவது ரெசின் சிமெண்ட். அடிப்பல் குட்டையாக இருந்து, கேப்புக்குப் பிடிமானம் இல்லாதபோது இதுதான் வேண்டும். ஒட்டும்போது ஒரு சொட்டு எச்சில் பட்டாலும் கெட்டுப்போகும். ஒழுங்காக ஒட்டிவிட்டால் அப்புறம் கேப்பை வெட்டித்தான் எடுக்க வேண்டும். எனக்குப் பிடித்தது அதுதான். பிடித்தால் விடாது, என் குணம்.

நான் திருவள்ளூரில் கோயில் மடப்பள்ளிக் கைங்கர்யக்காரர் வீட்டுப் பெண். பெருமாளுக்குக் காட்டும் முன் யாரும் ருசி பார்க்கக் கூடாது என்பதால், அப்பா கை நிதானத்தில்தான் உப்புப் போடுவார். சரியாக இருக்கிறதா என்று யாரையும் கேட்டதில்லை. எனக்கும் கேட்டுப் பழக்கமில்லை.

அப்படியிருக்கையில்தான் ஆரம்பாக்கத்திலிருந்து அந்தத் தம்பதி வந்தார்கள். கணவருக்கு இரும்புக் கம்பி யார்டில் வேலை. மேல்வரிசை முன்பல் ஒன்று சின்ன வயதிலேயே பாதி உடைந்து, சரிவாக நின்றிருந்தது. அழைத்து வந்தது மனைவி.

"பொண்ணுக்கு நிச்சயம் வெச்சிக்கீறோம்மா. சம்பந்தி ஊட்டுக்காரங்க எதுர்ல இந்தாளு சிரிச்சாருன்னா, எங்கியோ அடிதடில பல்லு போன மாரி கீது."

"நிச்சயத்துக்கு மட்டும் மாட்டிக்கினு, அப்பால கயட்டிர்ற மாரி இருந்தா தேவல" என்றார் அவர், மெதுவாக.

மனைவி முறைத்தார். நானும் முறைத்தேன். கேப் என்ன, வாடகைக்கு எடுக்கும் கோட் சூட்டா?

"நல்லா ஸ்ட்ராங்கா ஒட்டும்மா" என்றார் அந்த அம்மாள். "கட்டைல போற வரிக்கும் கயலக் கூடாது."

எனக்கு வேறென்ன வேண்டும்? பல்லைச் செதுக்கி, அளவெடுத்து, சென்னை லேபுக்கு அனுப்பினேன். கேப் வந்த அன்று அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாயில் பஞ்சை வைத்தேன். கையை ஆட்டினார். எச்சில் பட்டுவிடும், அசையாதீர்கள் என்று அதட்டினேன். ரெசின் சிமெண்ட் இறுக நீல லைட் அடித்து முடித்தபோது அந்தப் பல் அத்தனை அழகாக இருந்தது. அவர் நாக்கைப் பல்லில் வைத்து ஊதிப் பார்த்தார். வெறும் காற்று வந்தது. முகம் வாடியது. மரத்துப்போன உதடு சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பினேன்.

நிச்சயத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது இருவரும் திரும்பி வந்தார்கள். அவர் சேரில்கூட உட்காரவில்லை.

"பேஜாராப் பூட்சும்மா. விசில் வரல."

அப்போதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. யார்டில் கம்பிக் கட்டுகளைக் கிரேன் தூக்கும்போது, கீழே நின்று வழிகாட்டுவது இவர். இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, உடைந்த பல்லில் நாக்கை வைத்து விசில் அடிப்பார். சின்னதாக அடித்தால் தூக்கு, நீளமாக அடித்தால் நிறுத்து. கம்பெனி கொடுத்த பிளாஸ்டிக் விசில் எல்லார் கழுத்திலும் ஒன்று தொங்குகிறது. எல்லாம் ஒரே சத்தம். மேலே கேபினில் இருக்கும் கிரேன் ஆபரேட்டருக்குத் தூசியில் ஆளும் தெரியாது. அவர் நம்பியது இந்தப் பல் விசிலைத்தான். இவர் புதுப்பல்லோடு போன அன்று, ஆபரேட்டர் பழைய சத்தம் கேட்காமல் இறக்க மாட்டேன் என்று கம்பிக் கட்டை அந்தரத்திலேயே நிறுத்திவிட்டார். மேனேஜர் வந்து கத்தி, நம் ஆளை கேட் காவலுக்கு மாற்றிவிட்டார்.

"கேட்ல நின்னு அவனவன் டிபன் பாக்ஸத் தொறந்து பாத்துக்கினுகீறேன்" என்றார். "இத்தினி வருசத்துல என் கைல ஒர்த்தனுக்கு ஒரு கீறல் பட்டதில்லம்மா." கண் கலங்கிவிட்டது.

"கயட்டிருங்க" என்றார் அவர்.

"கேப்பத் தொடக் கூடாது" என்றார் அந்த அம்மாள்.

கழற்றவும் முடியாது. வெட்டினால் தூள் தூளாகத்தான் வரும், வேறு செய்ய லேபுக்கு ஒரு வாரம் வேண்டும். ஓரத்தில் மட்டும் துளி தேய்த்துக் காற்றுக்கு வழிவிடுகிறேன் என்றேன். வெளியே தெரியுமா என்று அந்த அம்மாள் கேட்டார். தெரியவே தெரியாது என்றேன். அதை நம்பி வெளியே போய் உட்கார்ந்தார்.

துளி தேய்த்தேன். ஊதினார். குக்கர் ஆவி மாதிரி ஒரு சத்தம். எனக்கு அது விசிலாகத்தான் பட்டது. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கிரேன் ஆபரேட்டருக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். சாப்பாட்டு நேரம், அந்தப் பக்கம் ஆபரேட்டர் எதையோ மென்றுகொண்டிருந்தார்.

இவர் ஊதினார். "யாருப்பா அது, சைக்கிளுக்குக் காத்து எறங்குதா?" என்றது போன்.

தேய்த்தேன். ஊதினார். "இவன் இல்ல. இது வேற எவனோ."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தேய்த்தேன், ஊதினார், மறுபடி தேய்த்தேன். வெளியே காத்திருந்தவர்கள் கதவு வழியாக எட்டிப் பார்த்தார்கள். தெருவில் ஒரு ஷேர் ஆட்டோ யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நின்றது. ஒன்று சொல்லியாக வேண்டும்: அத்தனை அதிர்விலும் கேப் இம்மி நகரவில்லை. வேறு சிமெண்ட் போட்டிருந்தால் அன்று அவர் அதை முழுங்கியிருப்பார்.

கடைசியில் ஒரு விசில் வந்தது பாருங்கள், என் காது இரண்டும் அடைத்துக்கொண்டது.

"ஆங்! இவந்தான்! அந்தப் படுபாவியேதான்!" என்று போன் கத்தியது. இவர் சேரிலேயே அழுதார். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

சத்தம் கேட்டு அந்த அம்மாள் உள்ளே வந்தார். புருஷன் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி நன்றாகப் பார்த்தார்.

"டாக்டரம்மா, இது பழைய பல்லாச்சே."

நானும் அப்போதுதான் தள்ளி நின்று பார்த்தேன். அதே சரிவு, அதே பாதி. கொஞ்சம் வெள்ளையாக இருந்தது, அவ்வளவுதான்.

"இதுனாச்சும் கயண்டு வருமா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"வராது" என்றேன். என்னை மீறிக் குரலில் கொஞ்சம் பெருமையும் வந்துவிட்டது.

போன் இன்னும் ஸ்பீக்கரில்தான் இருந்தது. "ஹலோ, நாளைக்கு யார்டுக்கு வர்றானா?" என்று கேட்டது.

அந்த அம்மாள் போனருகே குனிந்தார்.

"காலைலயே வருவாரு. நாளன்னிக்கு நிச்சயத்துலதான் வாயத் தொறக்க மாட்டாரு."