மை சொட்டிய புள்ளி

கீர்த்திகனைக் கண்ட முதல் நிமிடமே சதீஸ்குமாருக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் அடுக்கிக்கொண்டே போவான். லேப்டாப் பையைப் பெரிய கிளாக்கரின் மேசைமேலேயே வைக்கிறான், கொடுத்த தேத்தண்ணியில் பாதியை மிச்சம் வைக்கிறான், உட்காரச் சொல்லுமுன்பே உட்காருகிறான். அத்தனையும் சாக்கு. வந்தது பொறாமை. அதைப் பூசி மெழுக நமக்கு ஒரு தேவையும் இல்லை.

பொறாமைப்படாமல் வேறு என்ன செய்வான், பாவம். பசறைக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராவில் பிறந்து ஆபீசுக்குள் கதிரை போட்டு உட்கார்ந்த முதல் ஆள் அவன். தொண்ணூற்றாறில் சனி, ஞாயிறு தவறாமல் பஸ் ஏறிப் பதுளைக்குப் போய், சப்பாத்துக் கடைக்கு மேல்மாடியில் நடந்த வகுப்பில் பொக்ஸ்புரோ என்ற கம்ப்யூட்டர் மொழி படித்தான். நாலு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். மற்ற மூவரும் தட்டுவதைப் பார்த்தே பாதியைப் படித்து முடித்தான். தொண்ணூற்றெட்டில் தோட்டத்துக்கு அவனே ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தான். தோட்டத்து மேனேஜரான துரை கூப்பிட்டுத் தோளில் தட்டினார். அன்றிலிருந்து அவன் 'கம்ப்யூட்டர் சதீஸ்'.

அந்தப் புரோகிராமின் வேலை இதுதான். மலையில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்குக் காலை, பகல், அந்தி என்று நாளுக்கு மூன்று நிறுவை. மூன்றும் சேர்ந்து பதினெட்டுக் கிலோ வந்தால் முழுப்பேர், முழுநாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர். கங்காணி எழுதி அனுப்பும் சீட்டைப் பார்த்து எண்களைத் தட்டினால் மிச்சத்தைக் கறுப்புத் திரை பார்த்துக்கொள்ளும்.

ஒன்பது வருடம் அது ஓடியது. இடையில் உலகம் எங்கேயோ போய்விட்டது. சதீசும் சும்மா இருக்கவில்லை. புதிய மொழி ஒன்றைப் படிக்கப் பதுளையில் தடித்த புத்தகம் வாங்கினான். நாற்பதாம் பக்கத்தோடு சரி. ஓடுகிற புரோகிராமை எதற்குக் கழற்ற வேண்டும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். அந்தப் பேச்சு அவனுக்கு வசதியாக இருந்தது.

இரண்டாயிரத்து ஏழில் கம்பனி விழித்துக்கொண்டது. எல்லாத் தோட்டத்துக்கும் ஒரே புரோகிராம் என்று முடிவாகி, எழுதக் கீர்த்திகனை அனுப்பியது. பதுளையில் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவரின் மகன். கொழும்பில் பட்டம். வயது இருபத்து நாலு. சதீஸ் ஒரு வாரம் மண்டையை உடைக்கிற வேலையை அவன் மதியச் சாப்பாட்டுக்கு முன் முடித்தான். முடித்துவிட்டுப் பெருமையும் அடிக்கவில்லை, விசில் அடித்தான். அந்த விசில் சதீசின் வயிற்றை எரித்தது.

"அண்ணை, உங்கட புரோகிராமில விசேசமா ஏதும் இருந்தா சொல்லுங்கோ. எனக்குத் தோட்டத்து வேலை தெரியாது," என்றான் கீர்த்திகன்.

சதீஸ் எல்லாவற்றையும் சொன்னான். ஒன்றைத் தவிர.

பழைய சீட்டுகளைப் புரட்டிய கீர்த்திகன் ஒரு எண்ணுக்குப் பக்கத்தில் விரலை வைத்தான். "இந்தப் புள்ளி என்ன அண்ணை? அங்கையும் இங்கையும் கிடக்கு."

"அதா? அழகர் கங்காணியோட பேனா ஒழுகும். மை சொட்டிருக்கும்."

இத்தனை நறுவிசாக ஒரு பொய் தன் வாயிலிருந்து வரும் என்று அவனே எதிர்பார்க்கவில்லை.

புள்ளியின் கதை மலையில் எல்லோருக்கும் தெரியும். ஒருத்திக்கு மாசம் ஏறி வயிறு முட்டினாலோ, உடம்பு முடியாமல் போனாலோ, அந்தி நிறுவைக்கு முன் மற்றவர்கள் ஆளுக்கு இரண்டு பிடி கொழுந்தை அவள் சாக்கில் போட்டுவிடுவார்கள். அவளுக்கும் முழுப்பேர் விழுந்துவிடும். துரைக்குச் சொல்வதில்லை. கங்காணி கண்டும் காணாதவராக இருந்து, சீட்டில் அவள் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி மட்டும் வைப்பார். அந்தி நிறுவை பகல் நிறுவையைப் போல இரு மடங்குக்கு மேல் போனால், தட்டியவன் பிழை விட்டான் என்று கம்ப்யூட்டர் நினைக்கும். புள்ளி இருந்தால் நினைக்கக் கூடாது. பழைய புரோகிராமில் அதற்கென்று நாலு வரி இருந்தது.

கீர்த்திகன் படட்டும், தொரைக்கு முன்னாடி முழிக்கட்டும் என்று காத்திருந்தான் சதீஸ். அப்போது தன்னைத்தான் கூப்பிடுவார்கள். தான் போய் ஒரு நிமிடத்தில் சரி பண்ணுவான். இந்தக் காட்சியை அவன் மனதுக்குள் எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தானோ தெரியாது.

புதுப் புரோகிராம் ஒன்றாம் தேதி தொடங்கியது. அதில் எண்களைத் தட்டும் வேலையைச் சதீசுக்குக் கொடுத்தார்கள். எழுதியவன் கடைசியில் தட்டுகிறவன் ஆனான்.

அதே வாரம் அவன் மனைவி விஜயலெட்சுமிக்குக் காய்ச்சல் வந்தது. அது விட்ட பிறகும் விரல் கணுவெல்லாம் வீங்கி, கொழுந்தைக் கிள்ள முடியவில்லை. வீட்டில் ஒருவராவது மலையில் பேர் பதிந்து வேலை செய்தால்தான் லயக் காம்பரா கையில் இருக்கும் என்பதால் அவள் இன்னும் கூடை போட்டுக்கொண்டுதான் இருந்தாள். காய்ச்சல் விட்ட மூன்றாம் நாள் சீட்டில் அவள் எண் வந்தது. காலை ஐந்து, பகல் மூன்று, அந்தி பத்து. பக்கத்தில் புள்ளி.

சதீஸ் பத்து என்று தட்டினான். சிவப்புப் பெட்டி எழும்பியது. மறுபடி தட்டினான். மறுபடி சிவப்பு. பகல் நிறுவையின் இரு மடங்கைத் தாண்டாத எண்ணைத்தான் அது வாங்கும். பக்கத்து அறையில் கீர்த்திகன் விசிலடித்துக்கொண்டிருந்தான். எழுந்து நாலு அடி வைத்தால் போதும். ஆனால் போனால் மை சொட்டிய கதை என்ன ஆவது? சதீஸ் ஆறு என்று தட்டினான். பெண்டாட்டிக்குத் தன் கையாலேயே அரைப்பேர் போட்டான்.

மறுநாளும் போட்டான். அதற்கு மறுநாளும்.

"மூணு நாளா அரைப்பேராம்ங்க. எல்லாரும் கொழுந்து ஊத்தித்தான் குடுத்தாங்க. கங்காணி புள்ளியும் வச்சாரு," என்றாள் விஜி, வீங்கிய விரல்களைச் சுடுநீரில் வைத்தபடி.

"புது மெசினு. எனக்கென்ன தெரியும்."

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் வேலை விட்டு வந்த விஜி, கூடையை மூலையில் வைத்துவிட்டு வாசல்படியிலேயே உட்கார்ந்தாள். தலைத்துண்டை அவிழ்க்கவில்லை.

"அந்த கீர்த்திகன் தம்பி மழையில நனைஞ்சுக்கிட்டு கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு வந்துச்சு," என்றாள். "புள்ளி விழுந்த எடத்துலதான் கணக்கு ஒதைக்குதுன்னு கண்டுபுடிச்சிருச்சாம். அழகர் மாமாகிட்ட கேட்டுச்சு. அவரும் சொல்லிட்டாரு. எல்லாத்தையும் சரி பண்ணித் தர்றேன்னுச்சு. மூணு நாளு அரைப்பேரும் முழுப்பேராயிரும்."

சதீசுக்கு முதலில் எழுந்தது நிம்மதி இல்லை. தன்னைக் கூப்பிடாமலே முடித்துவிட்டானே என்ற எரிச்சல்தான்.

"அதோட முடியல. நீங்க புள்ளிக்கு எப்புடி எழுதியிருந்தீங்கன்னு பாக்க ஒங்க பழசத் தொறந்து பாத்துச்சாம். அதுல எம்பேரு இருக்காமே."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். இருந்தது. தொண்ணூற்றெட்டில் அவள் மூத்தவனை ஏழு மாதம் சுமந்தபோது, பெண்கள் ஊற்றிய கொழுந்தை அவனுடைய புரோகிராமே ஏற்க மறுத்தது. அன்று உட்கார்ந்து அந்த நாலு வரியையும் எழுதினான். அதற்கு மேலே, கம்ப்யூட்டர் படிக்காத குறிப்பாக ஒரு வரி: விஜி ஏழு மாசம். இதில் கை வைக்காதே. ஒன்பது வருடமாக இந்தத் தோட்டத்தில் முடியாமல் போன ஒவ்வொருத்திக்கும் முழுப்பேர் விழுந்தது அந்த வரிக்குக் கீழேதான்.

"மத்தவங்க புரோகிராமுக்குள்ள சும்மா ஏதாச்சும் எழுதி வப்பாங்க, அண்ணை ஒங்கள எழுதி வச்சிருக்காருன்னு சொல்லிச்சு அந்தத் தம்பி. அந்த வரிய அப்புடியே தன்னோடதுலயும் போட்டுக்கிச்சாம். எல்லாப் பொம்பளைங்களும் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. எனக்கு வெக்கமாவும் இருந்துச்சு, சந்தோசமாவும் இருந்துச்சு."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் விடவில்லை.

"பொறகு அந்தத் தம்பி நீங்க சொன்னதச் சொல்லவும், அழகர் மாமா கேட்டாரு, எம்பேனா எப்பப்பா ஒழுகுச்சுன்னு."

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. விஜி தலைத்துண்டின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள், விரல் மடங்கவில்லை. சதீஸ் குனிந்து அவிழ்த்துவிட்டான். அவள் தடுக்கவில்லை, அவன் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

"எம்பேர எழுதி வச்சத ஒம்போது வருசமா எங்கிட்டயும் சொல்லல," என்றாள். "அத நீங்க சொல்லி நான் கேட்டிருக்கணும்ங்க."