நாமக்கல் கொட்டகைச் சபையைச் சோதிக்கப் போனேன்

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தே முக்கால். சேலம் பஸ் நிலையத்தில் நாமக்கல் வண்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். தூரம் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். டிக்கெட் நாலு ரூபாய் சொச்சம். எண்பதுகளின் தொடக்கம் அது. கிறிஸ்துமஸுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. என் மஞ்சள் பைக்குள் ஒரு துண்டும், வேதாகமமும், கேள்விகள் எழுதிய ஒரு டைரியும் இருந்தன.

என் தங்கை ரூபியின் மகள் மெர்சிக்கு நாமக்கல்லில் வரன் வந்திருந்தது. தகப்பன் இல்லாத பெண். தாய்மாமன் நான் சரி என்றால் கல்யாணம், இல்லையென்றால் இல்லை. பையன் தங்கராஜுக்கு லாரி பாடி கட்டும் பட்டறையில் மரவேலை. அவனிடம் குறை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. குறை அவன் போகும் சபையில்தான் இருந்தது. நாங்கள் மூன்று தலைமுறையாக மிஷன் கோயில்காரர்கள். மணி, அங்கி, அச்சிட்ட ஜெபம் எல்லாம் உண்டு. அவன் போவதோ பெயர்ப்பலகைகூட இல்லாத தனிச் சபை. அங்கெல்லாம் மருந்து சாப்பிட விடமாட்டார்கள், பாஸ்டர் சொன்னதே வேதவாக்கு, உள்ளே போன பெண்ணைப் பிறகு தாய்வீடு பார்க்க முடியாது என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"அண்ணா, நீங்க ஒரு தடவ நேர்ல பாத்துட்டு வந்து சொல்லுங்க. நீங்க வேணாம்னா அவளும் வேணாம்னுடுவா" என்று ரூபி சொல்லியிருந்தாள். மெர்சிக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது எனக்குத் தெரியும். என் ஒரு வார்த்தையில் அவள் வாழ்க்கை நின்றது.

மல்லூர் தாண்டியதும் பக்கத்து இருக்கைக்காரர் பேச்சுக் கொடுத்தார். புதுச்சத்திரத்தில் இறங்க வேண்டிய விவசாயி.

"சாமி எந்த ஊருங்க?"

சேலம் என்றேன். போகிற காரியத்தையும் சொன்னேன்.

"அட, அந்தக் கோழிக்கொட்டாய்ச் சபைங்களா? நல்லாப் பாடுவாங்க. மத்ததெல்லாம் நமக்கென்ன தெரியுமுங்க? பொண்ணு குடுக்கறதுன்னா மாடு வாங்கறாப்பல பல்லப் புடிச்சுப் பாத்துத்தானுங்க குடுக்கோணும்."

அதற்குத்தான் போகிறேன் என்றேன். தங்கராஜுக்கு நான் வருவதைச் சொல்லவில்லை. சொன்னால் எல்லாரும் அன்றைக்கு மட்டும் ஒழுங்காக நடந்துகொள்வார்கள்.

ஏழரை மணிக்கு நாமக்கல். பஸ் நிலையத்தில் ஐம்பது பைசாவுக்கு டீ குடித்துவிட்டு நடந்தேன். வழி நெடுகப் பட்டறைகளில் பாடி கட்டாத லாரிகள் வெறும் சட்டமாக நின்றன. முட்டை அட்டைகளை மார்புயரத்துக்கு அடுக்கிக்கொண்டு ஒரு சைக்கிள் என்னைத் தாண்டிப் போனது. சுமார் இரண்டு மைல் கடந்ததும் சபை தென்பட்டது. நிஜமாகவே பழைய கோழிப்பண்ணைக் கொட்டகை. அரைச்சுவர், மேலே கம்பிவலை, சுண்ணாம்பு அடித்தும் போகாத பழைய வாடை. சிலுவை எங்கே என்று தேடினேன். இல்லை. டைரியில் முதல் குறிப்பு எழுதினேன்.

ஒன்பதரைக்கு ஆராதனை தொடங்கியது. எழுபது, எண்பது பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் காதில் தோடு இல்லை, கழுத்தில் ஒன்றுமில்லை. அதையும் எழுதினேன். தங்கராஜ் என்னைப் பார்த்துத் திகைத்து எழுந்துவர, கையாலேயே உட்காரச் சொன்னேன். பாஸ்டர் பொன்னையன் முன்னாள் லாரி டிரைவர் என்று ரூபி சொல்லியிருந்தாள். ஜன்னலோரம் வெயில் பட்ட வலது கை இடது கையைவிடக் கறுத்திருந்தது. வேத சாஸ்திரம் எந்தக் கல்லூரியில் படித்தாராம்? இந்தக் கேள்வியும் டைரிக்குப் போனது.

பிரசங்கத்தின் நடுவில் அவர் சொன்னார்: "கொழந்த இயேசுவப் பாக்க மூணு ராஜாக்க மாட்டுக்கொட்டாய்க்கு வந்தாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. மூணுன்னும் இல்லீங்க, ராஜான்னும் இல்லீங்க. மாட்டுக்கொட்டாயும் இல்லீங்க."

சிக்கினார் என்று நினைத்தேன். கள்ளப் போதகம் என்று எழுதி இரண்டு கோடு போட்டேன். பள்ளிக்கூடக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் மூன்று வருஷம் தொடர்ந்து ராஜா வேஷம் போட்டவன் நான். ஜிகினாக் கிரீடம், பஞ்சுத் தாடி, பக்கத்தில் இரண்டு ராஜாக்கள், எதிரே வைக்கோல். என்னிடமா? எழுந்து நின்று, "வேதத்தை மாற்றிச் சொல்கிறீர்கள்" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

பாஸ்டர் கோபப்படவில்லை. "பாத்துடலாமுங்க. மரகதம், நீ படி சாமி" என்றார்.

முட்டைப் பண்ணையில் வேலை செய்யும் அம்மாள் ஒருவர் எழுந்து மத்தேயு இரண்டாம் அதிகாரத்தை எடுத்து, எழுத்துக் கூட்டி வாசித்தார். என் வேதாகமத்திலும் விரலை வைத்துக்கொண்டே போனேன். வந்தவர்கள் சாஸ்திரிகள் என்றுதான் இருந்தது. எத்தனை பேர் என்று இல்லை. அவர்கள் நுழைந்தது ஒரு வீட்டுக்குள். நாற்பத்தெட்டு வயதில், முன்பின் தெரியாத எண்பது பேர் முன்னால் எனக்கு முகம் எரிந்தது. எங்கள் கோயிலில் ஆயர் சொல்வார், நான் கேட்பேன். சொல்வது புத்தகத்தில் இருக்கிறதா என்று நான் ஒரு நாளும் பிரித்துப் பார்த்ததில்லை.

அதோடு விட்டிருந்தால் நான் அவமானத்தோடு ஊர் திரும்பி, அந்தக் கோபத்திலேயே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். ஆனால் ஜெயித்த உற்சாகம் பாஸ்டருக்கு ஏறிவிட்டது. "பாத்தீங்களா? மிஷன் சபைக்காரங்க வேதம் படிக்கறதில்ல. அங்க இருக்கற ஒருத்தருக்கும் இரட்சிப்பு இல்லீங்க!" என்று கையை வீசினார். இங்கே எல்லாரும் 'ஆமென்' போடுவார்கள், நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பலாம் என்று பார்த்தேன்.

மரகதம் உட்காரவே இல்லை. "ஏனுங்க பாஸ்டர், அது எந்த அதிகாரத்துலீங்க இருக்குது?" என்றார்.

கேலியாகக் கேட்கவில்லை. பக்கத்தைப் புரட்டத் தயாராக விரலை வைத்துக்கொண்டு கேட்டார். பெண்கள் சபையில் பேசக்கூடாது என்று பவுல் எழுதிய ஒரு வசனம் உண்டு. அந்த நிமிஷத்துக்கு அது பாஸ்டருக்கு எவ்வளவு கைகொடுத்திருக்கும்! அதை எடுக்கப் போகிறார் என்றே எதிர்பார்த்தேன்.

"இல்லீங்க. அப்படி எங்கயும் இல்ல. நான் பேசுனது தப்பு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "மன்னிச்சுக்கோங்க அய்யா" என்றார். முகம் சிறுத்துப் போயிருந்தது. அதற்கப்புறம் பிரசங்கமும் அவ்வளவு சோபிக்கவில்லை.

மதியம் அவர் வீட்டில் சோறும் முட்டைக் குழம்பும். சாப்பிட்டதும் சட்டைப் பையிலிருந்து பிரஷர் மாத்திரை எடுத்து விழுங்கினார். எனக்காகத்தான் விழுங்குகிறாரோ என்று அதையும் சந்தேகப்பட்டேன். அட்டையில் முக்கால்வாசி காலியாக இருந்தது.

மூன்றரைக்குப் பஸ் ஏற்றிவிடத் தங்கராஜ் வந்தான். வண்டி கிளம்பக் கால்மணி நேரம் இருந்தது. டைரியை எடுத்துப் பார்த்தேன். சிலுவை, தோடு, படிப்பு. இதை வைத்துக்கொண்டா ஒரு சபை வேதத்தின்படி நடக்கிறதா என்று தீர்ப்புச் சொல்ல வந்தேன்? தப்பு எந்தச் சபையிலும் நடக்கும், இங்கேயும் நடந்தது. அதைப் புத்தகத்தைக் காட்டி நிறுத்த ஆள் இருந்தது. நிறுத்தினால் நிற்கிற பாஸ்டரும் இருந்தார். எங்கள் கோயிலில் பிரசங்கத்தின் நடுவே ஒரு பெண் எழுந்து எந்த அதிகாரம் என்று கேட்டால், உடம்பு சரியில்லை என்று சொல்லி வெளியே அழைத்துப் போயிருப்போம்.

ஆனாலும் சந்தேகம் லேசில் விடவில்லை. "தம்பி, அந்த அம்மா எல்லா வாரமும் வருவாங்களா?"

"பண்ணையில வேல இருந்தா வரமாட்டாங்கங்க."

"அவங்க இல்லாத வாரம் உங்க பாஸ்டர் இப்படி எதையாவது சொன்னா யார் கேக்கறது?"

தங்கராஜ் யோசிக்கக்கூட இல்லை. "மெர்சி கேக்கட்டுமுங்க" என்றான்.

வீட்டில் எனக்கு இரண்டு பெண்கள். ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு அழைத்துப் போயிருக்கிறேன். நீங்கள் கேட்கலாம் என்று அவர்களிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

"தை மாசத்துலயே வச்சுக்கலாம்" என்று அவனிடம் சொல்லிவிட்டுப் பஸ்ஸில் ஏறினேன்.