மேல் கம்பியில் மாட்டிய கருவி

என் அம்மாவின் தம்பிக்குத் தொழிற்சாலையில் 'கரித்துண்டு' என்று பெயர். எத்தனை சோப்பு போட்டாலும் காதோரக் கறுப்பு போகாது. "நீ குளிச்சா சோப்புக்குத்தான் நஷ்டம் மாமா" என்பேன். துண்டால் விளாசுவார்.

அவருக்கு உலையடியில் வேலை. சிலிக்கான் கார்பைடு என்ற பொடியைக் குழாயாக அழுத்தி, இரும்பே தண்ணீராகிப்போகும் சூட்டுக்கும் மேலே வேகவைப்பார்கள். காற்று பட்டால் சரக்கு கெட்டுவிடும் என்று உலைக்குள் ஆர்கான் வாயுவை நிரப்புவார்கள். அதற்கு நிறமில்லை, மணமில்லை; காற்றைவிடக் கனம். உலையைத் திறந்ததும் நைசாக வழிந்து, அடியிலுள்ள குழிக்குள் காலி பண்ணாத குடித்தனக்காரன் மாதிரி உட்கார்ந்துகொள்ளும். இறங்குகிறவனுக்கு மூச்சு முட்டுவதுகூடத் தெரியாது. கண்ணைச் சொக்கும், அவ்வளவுதான்.

நல்ல காற்று குறைந்தால் கத்துவதற்கு ஒரு கருவி உண்டு. குழிக்குள் மாட்டினால் ஓயாமல் கத்துகிறது என்று மேலே கைப்பிடிக் கம்பியில் மாட்டிவிட்டார்கள். அங்கே அது பரம சாது. "கத்தலியே, இறங்கு" என்பார்கள்.

போன வாரம் குழியிலிருந்து ஏறும்போது மாமாவுக்குக் கால் தடுமாறியதாம், சிரிப்பு சிரிப்பாக வந்ததாம். அம்மா "குடிச்சியாடா?" என்று வாயை முகர்ந்தாள். நாற்றமே இல்லை. எனக்கு அதுதான் பயம்.

நேற்று நான் சாப்பாடு கொண்டுபோன நேரம், ஒரு குழாய் நழுவிக் குழியில் விழுந்திருந்தது. குழிக்குள் நல்ல காற்று ஊதும் விசிறியை இன்னும் போடவில்லை.

"கரித்துண்டு, சட்டுனு எடுத்துட்டு வாப்பா" என்றார் மேஸ்திரி.

மாமா ஏணியில் கால் வைத்தார். நான் கருவியைக் கழற்றி, ஒரு கயிற்றில் கட்டிக் குழிக்குள் விட்டேன். அலறியது பாருங்கள், கூரைப் புறாக்கள் எல்லாம் பறந்தன.

"எவன்டா இந்தக் குரங்கு?"

"என் அக்கா பையன், மேஸ்திரி. விளையாட்டுப் புத்தி."

"மீன் பிடிச்சேன்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. மாமா குழியையே பார்த்தார். பிறகு ஏறி வந்து விசிறியைப் போட்டார்.

மேஸ்திரி கருவியைத் துடைத்து, மறுபடி மேல் கம்பியிலேயே மாட்டினார். இனி என்னை உள்ளே விடக்கூடாது என்று காவலாளியிடம் சொல்லிவிட்டார்.

இன்று காலை மாமாவின் பூட்ஸைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

"எடுத்துக் குடுடா. இன்னைக்குப் பெரிய உலையைத் திறக்கிறோம்."

"பெரிய உலைக்குக் குழியும் ஆழம்தானே? லீவு போடு மாமா."

"ஆளில்லடா."

நான் அசையவில்லை. மாமா என் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவருக்கு அது சின்னது. குதிகால் வெளியே தொங்கியது.